எதிர்வீட்டில் ஒரு சாவி

என் செல்லத் தங்கைக்கு,

கல்யாணமாகிப் போன இடத்தில் நீ நன்றாக இருப்பதைப் புகைப்படங்களில் பார்த்தேன். இங்கே நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். இன்சுலின் ஊசி இல்லாமல் இனி ஒரு வேளைச் சாப்பாடும் இல்லை என்பதற்கு மனம் பழகிவிட்டது.

போன வாரம் கடையில் ஒருவருக்கு முடி வெட்டும்போது சர்க்கரை இறங்கி, கத்தரிக்கோல் பிடித்த கை நடுங்கியது. "என்னம்மா, என் தலையைப் பார்த்தா அவ்வளவு பயமா இருக்கா?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர்தான் ஒன்று கேட்டுவிட்டார். "தூக்கத்துல இப்படி இறங்கினா, எழுப்பறதுக்கு வீட்டுல யார் இருக்காங்க?"

'தங்கச்சி' என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "யாருமில்ல, டாக்டர்" என்றேன்.

அதனால் நேற்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருக்கும் பேருந்து ஓட்டுநர் அக்காவிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நோயைச் சொல்லி, நம் வீட்டு மாற்றுச் சாவியை நீட்டினேன். அவர் அதைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார்.

"வேலைக்குக் கிளம்பறப்ப தட்டறேன். நீ குரல் கொடு, போதும்."

இன்று காலை தட்டினார். "எழுந்துட்டியாம்மா?"

"எழுந்துட்டேங்க்கா!"

அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. கடைக்கு இன்று விடுமுறை. அதற்குப் பிறகு நான் யாரோடும் பேசவில்லை.

இதற்காகவெல்லாம் நீ கிளம்பி வர வேண்டாம். உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறேன். சும்மாதான்.

உன் அக்கா