காவல்மருதில் செய்த மணை

நீர் வற்றாதிருக்க, நெல் சாயாதிருக்க, குடிகளின் உறக்கம் கெடாதிருக்க. வெண்கோட்டு நாட்டின் வேந்தர், இருகரையும் ஒருகுடைக்கீழ் ஆளும் அரிமான் நெடுங்கோ மகாராசர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் கண்ணங்கீரன், மருதந்துறைத் தலைவர் பூதங்கிழார் சமூகத்துக்கு வணங்கி வரைந்த ஓலை. தங்கள் துறைக்கு வரும் படகெல்லாம் நலமே கரைசேர்க.

சென்ற போரில் தங்கள் ஊர் எம் வேந்தர்க்குப் பணிந்ததையும், ஊரின் காவல்மரமாய் நின்ற பெருமருது வெட்டப்பட்டு எம் தலைநகர் பொன்னெயிலூருக்கு இழுத்துவரப்பட்டதையும் மீண்டும் சொல்லித் தங்களை வருத்துவது இவ்வோலையின் நோக்கமன்று. அம்மரத்தோடு அழைத்துவரப்பட்ட தச்சன் எயினன் ஏன் இன்னும் திரும்பவில்லை என்று தாங்கள் ஆள்விட்டுக் கேட்டிருந்தீர்கள். நடந்ததை நடந்தபடியே, பேசியவர் பேசிய சொல்லிலேயே எழுதுக என்பது வேந்தர் கட்டளை.

இளவரசர் இளஞ்சேந்தருக்கும் குவளைநாட்டு இளவரசி நல்லினியாருக்கும் திருமணம் குறித்திருந்த காலம் அது. மணமண்டபத்து அலங்காரம் முழுவதும் அந்த மருதிலிருந்தே வர வேண்டும் என்று வேந்தர் விரும்பினார். மரத்தைப் பலகையாக்கி இழைத்துவிட்டால் அது எந்த மரமும் ஆகிவிடும். வட்டம் வட்டமாய் அறுத்து, வெளிறிய பட்டையை உரிக்காமல் விட்டால்தான், வருகிற மன்னரெல்லாம் இது இன்ன ஊரின் காவல்மரம் என்று அறிவார்கள் என்பது அவர் எண்ணம். அந்த மரத்தின் போக்கை அறிந்த கை வேண்டும் என்பதால் எயினன் வரவழைக்கப்பட்டான்.

எயினனின் ஒரே மகன் அந்துவன் அம்மரத்தைக் காத்து நின்று அதன் அடியிலேயே மாண்டவன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இங்கே அப்போது ஒருவரும் அறியவில்லை. எயினனும் சொல்லவில்லை.

சொன்ன வேலையை அவன் செய்தான். மறுக்கவில்லை, அழவில்லை, மரத்தைத் தொட்டு வணங்கவுமில்லை. சிறு கிளைகளை மெல்லிய வில்லைகளாக அறுத்து, வெயில் பட்டால் வெடிக்கும் என்று நிழலில் உலர்த்தி, நாரில் கோத்துத் தோரணம் ஆக்கினான். பெருங்கிளை வட்டங்களின் நடுவைக் குடைந்து அகல் பொருத்தினான். சுவரில் மாட்டும் வட்டங்களில் காய்ச்சிய இரும்பால் பூவும் கொடியும் சுட்டு வரைந்தான். தேன்மெழுகு தேய்த்ததும் செந்நிறம் ஏறி அவை மிக அழகாயிருந்தன. பார்க்க வந்த அரண்மனைப் பெண்டிர் புகழ்ந்தபோது, வேறு யாரையோ புகழ்கிறார்கள் என்பதுபோல் அவன் விலகி நின்றான். ஒருமுறை மரமறுக்கும் வாள் நழுவிக் கையைக் கிழித்தது. மரம் நனைவதைப் பார்த்த பிறகே தனக்குக் காயம் என்று அவனுக்குத் தெரிந்தது. கந்தையைச் சுற்றிக்கொண்டு மேற்கொண்டு அறுத்தான்.

அடிமரத்திலிருந்து எடுத்த அகன்ற வட்டம் மணமக்கள் அமரும் மணையாக வேண்டியது. அதைச் செதுக்கும்போது பட்டையை ஒட்டி உளி இரும்பில் மோதியது. அவன் மண்டபக் கண்காணியிடம் போய், மணையில் இரும்பு இருக்கிறது என்று முறைப்படி தெரிவித்தான். எடுத்துவிடுமாறு கண்காணி பணித்தார். எடுத்தான்; பள்ளத்தில் அதே மரத்துண்டில் சீவிய முளையை அடித்து இழைத்தான்.

திருமணத்துக்கு முந்திய நாள் இளவரசர் மண்டபத்தைக் காண வந்தார். மணையைத் தடவிப் பார்த்தவர் விரலில் அந்த முளை பட்டது.

“இது என்ன ஒட்டு?” என்று கேட்டார்.

“இரும்பு இருந்துச்சு சாமி. எடுத்துட்டு அடைச்சேன்.”

“மரத்துக்குள் ஏது இரும்பு?”

“வேல் முனை. ஒடிஞ்சு உள்ளே நின்னுபோச்சு.” எயினன் கருவிப்பையைத் துழாவி, ஆணிகளோடு கிடந்த அந்த முனையை எடுத்துக் காட்டினான். “மீன்வால் மாதிரி வெட்டு இருக்கு பாருங்க. என் மகன்தான் இப்படி வெட்டுவான். அவன் கையிலிருந்து பிடுங்கி, அதாலேயே அவனை மரத்தோட சேர்த்துக் குத்தினாங்கன்னு ஊர்ல சொன்னாங்க.”

இளவரசர் அம்முனையை வாங்கி அந்த வெட்டைப் பார்த்தார். பின்பு, “இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?” என்றார்.

“இரும்பு இருக்குன்னு சொன்னேன் சாமி. எடுத்துடுன்னாங்க. யாரோடதுன்னு யாரும் கேக்கலே.”

இதைச் சொன்ன குரலில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சொன்னான். சொல்லிவிட்டு, விளக்குகளைத் தூக்கி மாட்ட வேண்டும், ஏணி எங்கே என்று கேட்டான்.

மறுநாள் முகூர்த்தத்தில், பல நாட்டு மன்னர் பார்த்திருக்க, இளவரசர் மணையருகே வந்து நின்றார். குனிந்து அதை இரு கைகளாலும் எடுத்துத் தூணோரம் சாய்த்து வைத்தார். பிறகு வெறுந்தரையில் அமர்ந்தார். நல்லினியார் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாமும் தரையில் அமர்ந்தார். மேளம் நின்றது. வேந்தர் சினத்தை அடக்கிக்கொண்டு, நடக்கட்டும் என்று கையசைத்த பின்னரே சடங்கு தொடர்ந்தது.

சடங்கு முடிந்ததும் வேந்தர் மகனைத் தனியே அழைத்து, “மன்னர்கள் நடுவே என்னைத் தலைகுனிய வைத்தாயே, ஏன்?” என்று வினவினார்.

“அந்த ஊரில் புகுந்த முன்படையை நடத்தியவன் நான், அப்பா” என்றார் இளவரசர். “மரத்தடியில் ஒருவன் தனியாக நின்றான்; இந்தத் தச்சனின் மகன். அவன் விழுந்ததும் என் ஆட்கள் ஆரவாரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து ஆரவாரித்தேன். அந்த மரத்தின்மேல் எப்படி உட்காருவேன்?”

சில நாள் கழித்து வேந்தர் எயினனை அழைத்துவரச் சொன்னார். வேண்டியதைக் கேட்கலாம், நிலமானாலும் வீடானாலும் மறுப்பில்லை என்று அருளினார்.

எயினன் கேட்டது இதுதான்: “வேலை முடிஞ்சுதா சாமி?”

“முடிந்தது.”

எயினன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அரசர் முன் அமர்ந்தது குற்றம் என்று காவலர் நெருங்கினர், வேந்தர் தடுத்தார்.

“முடிஞ்சுதுன்னா, இனிமே நான் என்ன செய்யறது?” என்றான் எயினன்.

அவன் திரும்பாததன் காரணம் இவ்வளவே. எவரும் அவனைத் தடுத்து வைக்கவில்லை. ஊருக்குப் போகலாம் என்றோம், தலையசைத்தான், போகவில்லை. எஞ்சிய கிளைகளைத் தச்சுக்கூடத்தில் வட்டம் வட்டமாய் அறுத்துக்கொண்டேயிருந்தான். எதற்கு என்றால் தெரியாது என்றான். நேற்று கடைசிக் கிளையும் தீர்ந்தது.

ஆகவே வேந்தர் இட்ட கட்டளைகள் இவை. எயினன் இவ்வோலை கொண்டுவரும் படகிலேயே அனுப்பப்படுகிறான். தோரணமும் விளக்கும் மணையும் அவனோடு வருகின்றன. அவற்றின்மேல் எமக்கு இனி உரிமை இல்லை. எரிப்பதோ, ஆற்றில் விடுவதோ, வைத்துக்கொள்வதோ தங்கள் ஊர் கூடி முடிவு செய்யட்டும், எயினனைக் கேட்கலாகாது. எம் படை புகும் எவ்வூரிலும் காவல்மரத்தின்மேல் இனிக் கோடரி படாது. எயினனிடம் திருமணம் எப்படி நடந்தது என்று ஊரார் எவரும் வினவலாகாது.

இறுதியாக ஒன்று, இதை வேந்தர் இருமுறை சொல்லி எழுதச் செய்தார். அவனுக்குப் பசி தெரிவதில்லை. அழைத்தால் வந்து உண்கிறான். அழைக்காவிட்டால் அப்படியே இருந்துவிடுகிறான். ஆதலால் தங்கள் ஊரில் ஒரு வீட்டார், நாள்தோறும் சோறு ஆறும் முன் போய், அவன் பெயரைச் சொல்லி உண்ண அழைக்க வேண்டும். அவ்வீட்டார் எவரென்று தாங்களே தேர்க. இதுவும் அரச ஆணையே, தவறுதல் கூடாது.

வெண்கோட்டு யானை முத்திரை அரக்கில் பதித்து, வேந்தர் கண்முன் கட்டிய ஓலை. பிரித்தவர் படிக்க, படித்தவர் செய்க.