இன்னும் என் பேரில் இருக்கும் வண்டி

ஜூன் 3, 2025, செவ்வாய்

விற்ற காருக்கு இன்றும் அபராதம் என் போனுக்கு வந்திருக்கிறது. சீட் பெல்ட் போடவில்லையாம். கேமரா எடுத்த படத்தில் சண்முகவேல் பல்லைக் காட்டிக்கொண்டு ஓட்டுகிறான். தை மாதம் வாங்கிப் போனவன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் பேக்கரி, முட்டை என்னிடம்தான் எடுக்கிறான். படிவத்தில் கையெழுத்துப் போட்டு ஆர்.சி.யையும் அன்றே கொடுத்துவிட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்ப் பேர் மாற்ற அவனுக்குத்தான் ஐந்து மாதமாக நேரமில்லை. நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் விற்கிறோம். சாவி கை மாறினால் வியாபாரம் முடிந்தது.

போன் போட்டேன். "உங்க பேருல ஓடுனா வண்டிக்கே ஒரு மருவாதிங்கண்ணா" என்கிறான்.

"மருவாதி உனக்கு, தண்டம் எனக்கா?"

சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஜூன் 9, திங்கள்

கார் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால். என் மனைவி ராசாத்தி கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள்.

நான் விற்ற கார் தயாரான வருடத்து ஆட்டோமேட்டிக் கார்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுகிறார்கள். கியர்பாக்ஸுக்குள் ஒரு பூட்டு இருக்கிறதாம். வண்டியை நிறுத்திக் கியரை P-யில் போட்டால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அது விரிசல் விட்டு நழுவலாம், நிறுத்திய வண்டி தானாக உருளலாம். மாற்றித் தரும்வரை ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கக் கூடாது, சரிவில் நிறுத்தக் கூடாது. மாற்றுவது இலவசம்.

கடிதம் என் பேருக்கு. வண்டி அவனிடம்.

ஜூன் 10, செவ்வாய்

உள்ளதை எழுதுகிறேன். நேற்றே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒன்று, கியர்பாக்ஸில் குறை என்றால் காரைக் கொண்டுவந்து என் வாசலில் விட்டுவிட்டுப் போவான். இரண்டு, அவனை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இழுக்க இப்போதுதான் ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

அவனுக்குப் போன் போட்டேன். "மொதல்ல பேரை மாத்து. வண்டி விசயமா ஒண்ணு சொல்லோணும், அங்க வச்சுச் சொல்றேன்."

"பொண்ணு பாக்கற மாதிரி இழுக்கறீங்களேண்ணா. வெள்ளிக்கெழமை வாரேன்."

மூன்று நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

ஜூன் 13, வெள்ளி

வரவில்லை. கல்யாண ஆர்டராம்.

ஜூன் 14, சனி

மோகனூரில் ஒருமுறை ஆற்றுக்கு இறங்கும் வழியில் நிறுத்தி இறங்கினேன். கதவைச் சாத்தும்போது கார் ஒரு சாண் முன்னால் போய் நின்றது. கடக்கென்று ஒரு சத்தம். சரியாக P-யில் போடவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அது போன வருடம் கார்த்திகையில்.

விற்றது தையில். ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா? அன்றைக்கு நான் அப்படி யோசிக்கவில்லை. யோசிக்கவில்லையா?

ஜூன் 16, திங்கள்

சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் செந்தமிழனிடம், நண்பர் ஒருவரின் கார் என்று சொல்லி விசாரித்தேன்.

"சமதரைல ஒண்ணும் ஆவாதுங்க. மேட்டுல நிறுத்துனாத்தான் வண்டிப் பாரம் பூராவும் அந்தப் பூட்டு மேல நிக்கும். உங்க சிநேகிதருக்கு ஊடு எங்கீங்க?"

நாமக்கல்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேக்கரித் திறப்பு விழாவுக்குப் போயிருக்கிறேன். மலையடிவாரம். தெருவே கடைவாசலை நோக்கித்தான் இறங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. காரைக் கொடுத்த அன்று அவன் ஹேண்ட்பிரேக்கைத் தேடினான். "ஆட்டோமேட்டிக்குக்கு எதுக்கப்பா அதெல்லாம், P-ல போட்டுட்டு எறங்கு, மலை மாதிரி நிக்கும்" என்று கற்றுக்கொடுத்தது நான்.

ஜூன் 17, செவ்வாய்

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

பேர் மாறினால் மாறட்டும், மாறாவிட்டால் போகட்டும் என்று சாயங்காலம் கூப்பிட்டேன். அவன் மனைவி சரிதா எடுத்தாள்.

"அவரு ஓவன்கிட்ட நிக்கறாருங்கண்ணா. ஏதாச்சும் சொல்லோணுங்களா?"

அவளிடமே சொல்லியிருக்கலாம். பொம்பளைப் பிள்ளையைப் பயமுறுத்துவானேன் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியதா? அவளிடம் சொன்னால் 'எப்பத் தெரியும்' என்று கேட்பாள்.

"ஒண்ணுமில்ல சாமி. காலைல பேசறேன்."

ஜூன் 20, வெள்ளி

காலை ஏழே கால். நான் கூப்பிடவில்லை. ஸ்டேஷனிலிருந்து எனக்கு வந்தது.

"காளியப்பன் யாரு? வண்டி ஓனர் நீங்கதானே?"

சரிதா கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். மேட்டில் நிறுத்தியிருந்த கார் ஆளே இல்லாமல் இறங்கி வந்திருக்கிறது. ஷட்டருக்கும் காருக்கும் நடுவில்.

உயிர் இருக்கிறது.

ஜூன் 21, சனி

இடது கால். முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சண்முகவேல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். "நாந்தாங்கண்ணா P-ல சரியாப் போடாம எறங்கிருப்பேன். எங் கையால அவ காலை எடுத்துட்டேன்." போலீசிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டானாம். திங்கட்கிழமையே பேரையும் மாற்றிக்கொள்கிறானாம், என்னை ஸ்டேஷனுக்கு இழுத்தது தப்பாம்.

நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்தேன்! என்ன மனுசன்டா நீ.

ஜூன் 24, செவ்வாய்

ராசாத்தி மூன்று நாளாக ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகிறாள். இன்று திரும்பி வந்து உட்காராமல் நின்றாள்.

"அந்தத் தபாலு எங்கீங்க?"

"எந்தத் தபாலு?"

"நாங் கையெழுத்துப் போட்டு வாங்குனது. ஒம்பதாந்தேதி."

பீரோவில் இருக்கிறது என்றேன். அவளே எடுத்துப் படித்தாள். ஒரு சொல் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

"அந்தப் புள்ள எனக்கு நன்றி சொல்லுது. உங்க ஊட்டுக்காரரு தங்கமானவருன்னு சொல்லுது. நாளைக்கும் சோறு கொண்டுபோகோணும். அதுங்கிட்ட நா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்கார்றது?"

 

ஜூன் 26, வியாழன்

ராசாத்தியோடு நானும் போனேன். கடிதத்தைச் சண்முகவேலிடம் கொடுத்தேன். மோகனூரில் உருண்டதையும் சொன்னேன். நண்பர் கார் என்று விசாரித்ததையும்.

இரண்டு தரம் படித்தான். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்:

"ஒம்பதாந்தேதியே வந்துருச்சுங்களா?"

"ஆமாங்க."

அவனை நான் 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. தானாக வந்தது.

"அப்பறம் பத்தாந்தேதி எங்கிட்டப் பேசுனீங்க."

"ஆமா."

"வண்டி உருண்டதுக்கு முந்தின நாளு சாயங்காலம் அவகிட்டயும் பேசுனீங்க."

கட்டிலில் சரிதா முழித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ராசாத்தியிடம், "அக்கா, அந்தப் போர்வைய இழுத்து உடுங்க" என்றாள். கால் இருந்த இடத்தில் போர்வை சப்பையாகக் கிடந்தது.

சண்முகவேல் கடிதத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "நீங்க வெளிய இருங்க" என்றான். அண்ணா என்று சொல்லவில்லை. பிறகு போனில் யாரிடமோ, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுத வேண்டும், எந்த நேரத்துக்கு வரலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தது கதவு வழியாகக் கேட்டது.

ராசாத்தி உள்ளேயே இருக்கிறாள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தேன். எழுந்திருக்க மனசு வரவில்லை.