ரப்பர் செடியின் அடிப்பக்கம்

எண்ணெய்க் கையோடு என்னைத் தூக்கித் திட்டு வாங்கிய அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டு மாடிக்கு வந்துவிட்டோம். உங்கள் ரப்பர் செடியும் வந்துவிட்டது. காவிரிப் பாலத்துக் காற்றில் இலை கிழியாமல் இருக்க, ஆட்டோவில் அம்மா அதை முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாள்.

நீங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவீர்கள். கதவுக் கீலுக்கும் விடுவீர்கள். பிறகு தேங்காய் எண்ணெயில் துணியைத் தொட்டு இந்த இலைகளைப் பளபளக்க வைப்பீர்கள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதைச் செய்கிறாள். ஆனாலும் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன.

"வீடு மாறினது அதுக்குப் புடிக்கல போல" என்கிறாள். உதிர்ந்த இலைகளைக் குப்பையில் போட மனமில்லாமல் ஜன்னலில் அடுக்கி வைத்திருக்கிறாள்.

எனக்கு வேறு சந்தேகம். பள்ளியில் நுண்ணோக்கி வழியாக ஓர் இலையின் தோலைப் பார்த்தேன். எங்கும் சின்னச் சின்ன வாய்கள். இலைத்துளை என்று பெயர். ஒவ்வொன்றின் இரு பக்கமும் அவரை விதை போல ஒரு செல். அவை தண்ணீர் குடித்து உப்பினால் துளை திறக்கும், வாடினால் மூடும். அந்த வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே போகிறது, ஆக்சிஜனும் நீராவியும் வெளியே வருகின்றன. எப்போது திறக்க வேண்டும் என்று இலைக்கு எப்படித் தெரிகிறது? அந்த வாயில் எண்ணெய் தடவினால் என்ன ஆகும்?

துணி படாத புது இலை ஒன்றைப் பறித்துச் சுடுதண்ணீரில் அமிழ்த்தினேன்.

"என்னடி, அதுலயும் ரசம் வைக்கிறியா?" என்று கேட்டபடி வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். சூட்டில் உள்காற்று விரிந்து, இலையின் அடிப்பக்கம் முழுக்கக் குமிழ்கள் அரும்பின. மேல்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அடுத்து எண்ணெய் இலையைப் போட்டேன். ஓரத்தில் இரண்டு மூன்று குமிழ், அவ்வளவுதான்.

அம்மாவின் முகம் மாறியது. "அவரு செஞ்சதைத்தானே நானும் செஞ்சேன்?"

எப்படிச் சொல்வது என்று தயங்கினேன் அப்பா. "அப்பா மேல மட்டும்தாம்மா துடைப்பாங்க. நீ அடியிலயும் தேய்க்கிற."

அம்மா ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, "அடியில யாரு பாக்கப் போறான்னு விட்டிருப்பாரு. கல்யாண வீட்டுக்கே சட்டையில முன்பக்கம் மட்டும் அயர்ன் பண்ணிட்டு வந்த மனுஷன்தானே" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீங்களே சொல்லுங்கள், அது சோம்பல்தானா?

லேசான சோப்புத் தண்ணீரில் ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் இருவரும் கழுவினோம். "ராத்திரியிலயும் தொறந்தே இருக்குமா?" என்று கேட்டாள்.

"பெரும்பாலும் மூடிக்கும்மா."

"அப்ப அது வாய மூடுறதுக்குள்ள, சாயங்காலமே கழுவி முடிச்சிடணும்" என்று வேகமாகத் துணியைப் பிழிந்தாள்.

செடி பிழைக்குமா என்று தெரியவில்லை. இன்னும் சில இலைகள் உதிரலாம். ஒருவேளை அது போய்விட்டாலும், தன்னால்தான் போனது என்று அம்மாவை நினைக்க விடமாட்டேன். அவள் பக்கத்தில் நான் இருப்பேன். இது சத்தியம் அப்பா.

உங்கள் கேள்விக்காரப் பொண்ணு,
யாழினி