நர்சிங் ஹோமில் கூழ் வார்த்த கதை

கும்மிடிப்பூண்டி
18-8-77

சௌபாக்கியவதி பாமாவுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் இருப்பது துரையோ துரைசானியோ அவரும், பிலாய் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க பெரியபாளையத்தம்மன் துணை. இங்கே நான் சுகம், உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருப்பதைத் தவிர. அது எப்படி வந்தது என்பதை ஆரணியிலிருந்து உன் சித்தி கைகால் ஒட்டவைத்து எழுதுவதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பன், ஐம்பத்து மூன்று வயதுக்காரன், கம்பிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், நர்சிங் ஹோம் முற்றத்தில் இடுப்பில் வேப்பிலைச் சேலை கட்டிக்கொண்டு ஆண் பெண் அத்தனை பேருக்கும் முன்னால் குதித்துக் குதித்து ஆடினேன். பக்தி இல்லை, எறும்பு. மாப்பிள்ளையிடம் சொல்லாதே, சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் எறும்பை விட்டுவிட்டு பக்தி என்று சொல்.

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்ததில் மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. நீ கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி, அம்மாவுக்கு ஆளை அடையாளம் தெரிகிறதா, தெரியும் என்றால் தலைப்பிரசவத்துக்கு இங்கே வருகிறேன், தெரியாது என்றால் மாமியாரிடமே இருந்துவிடுகிறேன் என்று. சித்திரையில் அவள் குழாயடியில் விழுந்த அன்று முதல் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வலது கையும் காலும் அப்படியேதான், வாய் கொஞ்சம் நேராகியிருக்கிறது, பேச்சு இல்லை. கண் திறந்து பார்க்கிறாள். பார்ப்பது என்னையா எனக்குப் பின்னால் இருக்கும் சுவரையா என்று சொல்லத் தெரியவில்லை. டாக்டர், பேசிக்கொண்டே இருங்கள், சத்தம் காதில் விழட்டும் என்றார். பேச்சுக்கு என்னிடம் என்ன குறை, கம்பெனியில் என் வாயை மூடத்தான் சங்கு ஊதுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஷிப்ட் விட்டதும் நேரே இந்த நர்சிங் ஹோமுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து ஊர்க்கதை அத்தனையும் சொல்வேன், யார் வீட்டில் யார் சண்டை, மானேஜர் பெண்சாதி புது ஸ்கூட்டரில் ஏறி வேலியில் போய் விழுந்தது, எல்லாம். அவள் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்த அசைவுகூட இருக்காது. கல்யாணமான நாள் முதல் என் ஜோக்குக்குச் சிரிக்காதவள்தானே, அதனால் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று என்னையே தேற்றிக்கொள்வேன். உனக்குத் தெரியும், சிரிப்பு வந்தால் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவாள், தோள் மட்டும் குலுங்கும்.

இந்த இடத்தைப் பற்றி நீ மனதில் என்ன நினைத்து அழுதுகொண்டிருக்கிறாயோ தெரியாது, ஆனால் இது நம் தெருவைவிடக் கலகலப்பு. மிஷன்காரர்கள் நடத்துவது, பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாதவர்கள் என்று முப்பது கட்டிலுக்கு மேல். சாயங்காலம் ஆனால் எல்லாரையும் நாற்காலியிலும் பெஞ்சிலும் கொண்டுவந்து வராந்தாவில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது இங்கே தலைமைக் கன்னியாஸ்திரீயான மதருடைய சட்டம், படுத்தே கிடந்தால் மனசு படுத்துவிடும் என்பார். புதன்கிழமை ஜெபம், வெள்ளிக்கிழமை பஜனை, மற்ற நாளில் ரேடியோவும் தாயக்கட்டமும் அதையொட்டி வரும் சண்டையும். திருவள்ளூர் கோயில் மடைப்பள்ளியில் இருந்த ஜகந்நாதன் என்று ஒரு ஐயங்கார் சுவாமி, சர்க்கரை வியாதியில் கால் விரல் போனவர், புதன்கிழமை ஜெபத்தில் பாட்டுச் சத்தம் அவருடையதுதான் பெரிது, கேட்டால் ராகம் நன்றாக இருக்கிறதே என்கிறார். பழவேற்காட்டு செங்கம்மாள் படகு ஓரம் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டவள், படுத்தபடியே இந்த வார்டை ஆள்கிறாள். அதே கரையிலிருந்து கலியன் என்று ஒரு பெரியவர், இரண்டு காலும் விளங்காது, கை மட்டும் சும்மா இருக்காது, கிடைத்ததில் எல்லாம் தாளம் போடுவார். இத்தனை பேருக்கு நடுவில் இரண்டு காலில் நடக்கிற ஒரே ஆம்பிளை நான் என்பதால் என்னைப் பொழுதுபோக்குச் சங்கத்துக்கு செகரெட்டரி ஆக்கிவிட்டார்கள். தகுதி அவ்வளவுதான்.

ஆடி கடைசி ஞாயிறு நெருங்கியதும் செங்கம்மாள் ஆரம்பித்தாள், ஆடி பூரா பூடும்போல கீது, ஆத்தாளுக்கு ஒரு சொம்பு கூழ் ஊத்தாம நாம இன்னா மன்சங்க என்று. நான் மதரிடம் போய் நின்றேன். அவர், கூழ் ஊற்றிக்கொள்ளுங்கள், ஆனால் மேளம் கூடாது, வெல்லம் கூடாது, கருவாடு கூடாது, இதய நோய்க்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் இருக்கிறார்கள் என்றார். மூன்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். வந்ததும் கலியன் அலுமினிய வாளியைக் கவிழ்த்துப் போட்டு இது மேளமா, வாளி தானே நைனா என்றார், செங்கம்மாளுடைய தலையணை உறைக்குள்ளிருந்து கருவாட்டு வாசனை வந்தது, வார்டு பூனை இரண்டு நாளாக அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. வெல்லம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லமாட்டேன், மடைப்பள்ளியில் இருந்தவருக்கு வெல்லம் இல்லாமல் கை ஓடாது என்பது மட்டும் சொல்வேன்.

அது அதோடு போயிருக்கலாம். என் வாய் சும்மா இருந்ததா. அம்மா விழுந்த அன்றைக்கு, எழுந்து நடந்தாளானால் வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுகிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டதை ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்திருந்தேன். செங்கம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். நடந்தப்புறம் கட்றேன்னு ஆத்தாகிட்டயே யாவாரம் பேசுவியா, முதல்ல நீ கட்டு, அப்புறம் அவ குடுப்பா என்றாள். பெரியபாளையம் போய்வர ஒரு நாள் ஆகும், இவளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றேன். கலியன், அதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம், கொல்லையில வேப்பமரம் கீது, அந்தப் பக்கம் பார்த்து கும்புட்டு மரத்தைச் சுத்து, ஆத்தா கண்ணு அங்க எட்டாதா என்றார். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மன் கண் எட்டாது என்று எந்தக் கணவன் சொல்வான்.

சனிக்கிழமையே கொத்துக் கொத்தாக ஒடித்து, வாடாமல் இருக்கட்டும் என்று சமையல்கட்டு வாசலில் தண்ணீர் தெளித்துப் போட்டு வைத்தேன். ஜகந்நாதன் வெல்லப்பாகு காய்ச்சி வடிகட்டியதும் அதே வாசலில்தான், சிந்தியதும் அங்கேதான். எறும்புக்கு விவரம் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு காலை வேட்டிக்கு மேல் இலையைச் சரம் சரமாகக் கட்டிக்கொண்டு முதல் சுற்று மரியாதையாகத்தான் வந்தேன், நெற்றியில் மஞ்சள், கையில் வேப்பங்கொத்து, கலியன் வாளியில் மெல்ல பம்பை அடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் இடுப்பில் ஒரு சுருக்கு. அப்புறம் முதுகு. அப்புறம் எழுத முடியாத இடம். நான் ஒரு காலைத் தூக்கினேன், கலியன் அடியை வேகமாக்கினார். நான் இரண்டு காலையும் தூக்கினேன், பெண்கள் குலவை போட்டார்கள். ஐயோ எறும்பு என்று நான் கத்தியதை அம்மன் வாக்கு என்று எடுத்துக்கொண்டு ஒருவர் என் வாயில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார். ஜகந்நாதன் கோயில்காரர் ஆயிற்றே, அவராவது கண்டுபிடிப்பார் என்று பார்த்தால் கைகூப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். சேலை அவிழ்ந்து, அதோடு வேட்டியும் கிளம்பத் தயாராகி, நான் ஒரு கையால் மானத்தையும் மறுகையால் எறும்பையும் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பாமா, வராந்தாவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

உன் அம்மா சிரித்தாள். நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, சத்தம் போட்டு. அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே கிடையாது, யார் சிரிப்பது என்று நானே ஒரு நொடி தேடினேன். வாளி நின்றது, குலவை நின்றது, அவள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தாள். செங்கம்மாள் பெஞ்சில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆத்தா இவம்மேல வரல, கோவிந்தம்மா மேல எறங்கிட்டா என்றாள். அவ்வளவுதான், எனக்கு வந்த சாமி ஒரே நிமிஷத்தில் உன் அம்மாவுக்கு மாறிவிட்டது. காலடியில் கற்பூரம் ஏற்றினார்கள். ஒவ்வொருவராக நாற்காலியை நகர்த்திக்கொண்டும் பிடித்துக்கொண்டும் வந்து குறி கேட்க ஆரம்பித்தார்கள். ஜகந்நாதன் வந்து, மீதி விரல்களாவது தங்குமா தாயே என்று கேட்டார், சிரித்தாள், தங்கும் என்று செங்கம்மாள் அர்த்தம் சொன்னாள். செங்கம்மாள் தன் இடுப்பைக் கேட்டாள், சிரித்தாள், அதற்கும் அவளே அர்த்தம் சொல்லிக்கொண்டாள். கலியனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். நான் எப்ப தாயி ஊட்டுக்குப் போவேன் என்று கேட்டார். அதற்குத்தான் நிறையச் சிரித்தாள். இந்த வாரமே பூடுவே என்றார்கள் எல்லாரும், அன்று சாயங்காலமே அவர் வேட்டி துண்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டார், மகனுக்கு ஆள் சொல்லி அனுப்பினார்.

எறும்பு கடித்த கதையை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. எல்லாரும் கேட்டு முடித்தபிறகு நானும் போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன், இடுப்பில் பாதி வேப்பிலையோடு. கோவிந்தம்மா, என்னைத் தெரியுதா என்றேன். சிரித்தாள். பாமா பிரசவத்துக்கு இங்க வரட்டுமா என்றேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நர்ஸ் ஆரோக்கியமேரி வந்து அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, போதும் அண்ணே, களைச்சிப் போவாங்க, உள்ள கொண்டுபோறேன் என்றாள். அந்தப் பெண் வழக்கமாக என்னோடு சேர்ந்து சிரிப்பவள், அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை. மதர் வந்தபோது கருவாட்டுச் சட்டி காலி, பூனை தூங்கிக்கொண்டிருந்தது, ஜகந்நாதன் கூழில் மோர் விட்டு வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். ஜெபம் என்றேன்.

இதுதான் நடந்தது. நீ கேட்டதற்கு இதைப் பதிலாக வைத்து, வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். செங்கம்மாள்கூட, பொண்ண வரச்சொல்லு நைனா, பத்தியம் நான் பாத்துக்குறேன் என்கிறாள், அவளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும் என்பது அவளுக்கு நினைவில்லை. வீடு பூட்டியே கிடக்கிறது, எனக்கு ரசம் வைக்கத் தெரியும், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெரியாது, உன்னை அப்படிக் குளிப்பாட்டியவள் இவள். ஆடி முடிந்துவிட்டது, வளையல் அடுக்கும் மாதம் எது, யாரை அழைப்பது, என்ன சாதம் கிளறுவது என்று எல்லாம் அவளுக்குத்தான் தெரியும், கேட்டால் இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்கிறாள். நாளைக்கு டாக்டர் வருகிறார், இந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று இருக்கிறேன், கேட்பேனா என்று தெரியவில்லை. ஆரோக்கியமேரி என்னிடம் ஏதோ சொல்ல இரண்டு தரம் வந்தாள், இரண்டு தரமும் நான் ஜோக் சொல்லி அனுப்பிவிட்டேன். முடிவை நீயும் மாப்பிள்ளையுமே எடுங்கள், இந்த ஒரு விஷயத்தில் உன் அப்பனுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

குடம் தூக்காதே, மாமியார் பார்க்காத நேரத்திலும் தூக்காதே. மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே போடும் பழைய வழக்கம் இருந்தால் விட்டுவிடு, பிலாயில் எந்தச் செடியும் அதைத் தின்று வளரப்போவதில்லை. மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் என் நமஸ்காரம். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, நீண்ட ஆயுசோடு நிறைந்த வீட்டில் இருப்பாய், அம்மாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன். பதில் எழுதும்போது அம்மாவுக்கென்று தனியாக ஒரு தாள் வை, நான் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
முனிகிருஷ்ணன்

பி.கு. கலியன் நேற்றுக் காலை இறந்துவிட்டார். மகன் பழவேற்காட்டிலிருந்து வேன் கொண்டுவந்து வீட்டுக்கு எடுத்துப்போனான், கட்டி வைத்திருந்த மூட்டையையும் கூடவே ஏற்றினோம். செங்கம்மாளும் மற்ற பெண்களும் வராந்தாவில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை சிரித்த அதே சிரிப்பை, வேன் கேட்டைத் தாண்டும்வரை சிரித்தாள்.