அவர் காத்திருந்த மூன்று செவ்வாய்க்கிழமைகள்

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கிரேன் மேலே ஏறும்போது காதை மூடிக்கொள்கிறாயா, இருமல் விட்டதா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். நேரில் கேட்டாலும் "ம்" என்றுதான் சொல்வாய், அதனால் நானே எல்லாம் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அது உன்னோடு வளர்ந்தது அல்லவா.

வாரா வாரம் ஃபோனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் மகள் பேச்சை எடுத்தாலே உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது, கடைசி மூன்று ஞாயிறும் அப்படித்தான் போயிற்று. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார். சலவைக் கூடத்தில் புதிதாக மடிக்கும் இயந்திரம் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை முப்பது வருடம் நானும் எதிரில் ஒருத்தியுமாகத்தான் மடித்தோம், முனையோடு முனை சேர்க்க நடந்து வரும்போதெல்லாம் ஊர்க்கதை ஓடும். இப்போது அது ஒரு பக்கம் வாங்கி மறு பக்கம் மடித்துத் தள்ளுகிறது, நான் எண்ணி அடுக்குகிறேன், எதிரில் ஆள் இல்லை. எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் வீட்டிலும் அதே கதை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே. மாடி வீட்டு லாரி ஓட்டுநர் குடும்பமும் காலி செய்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் தலைக்கு மேல் தடதடவென்று ஓடும்போது எத்தனை தடவை திட்டியிருப்பேன், இப்போது சத்தம் கேட்காதா என்று கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தனியாக இருப்பது எனக்குப் பழக்கம் என்று உன்னிடம் சொல்வேனே, அது பொய். பழகவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கண்ணாடிக் கடைப் பெண் உன் மகளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்தாள். நீயும் அவளும் இரண்டு வருடம் சேர்ந்து இருந்ததும் தெரியும், கல்யாணம் வரை போகாமல் பிரிந்ததும் தெரியும், யார் மேல் தப்பு என்று நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. கோபம் வந்தால் கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறாள், அது யாருடைய சொத்து என்று ஊருக்கே தெரியும். காகிதத்துக்கு மட்டும்தான் தெரியவில்லை. பிறப்புப் பதிவின் நகலைக் காட்டினாள், அப்பா பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. அடுத்த மாதம் இருபதாம் தேதி அவள் குழந்தையோடு தன் அக்கா இருக்கும் நாட்டுக்கே போகிறாளாம். அதற்கு முன்னால் நீ கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தாள். இதில் உனக்கு என்ன லாபம் என்று கேட்டேன். லாபம் இல்ல அத்தை, தொல்லைதான், அவர் பேரு ஏறிட்டா அவரைக் கேக்காம நான் குழந்தைய எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது, ஆனா எங்கப்பாகிட்ட ஏன் கேக்கலன்னு இவ நாளைக்கு என்னைக் கேட்டா நான் என்ன சொல்லுவேன் என்றாள். இருபத்தைந்து வயதுப் பெண். எனக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கழுத்தில் கயிறு கட்டிப் பேனாவைத் தொங்கவிட்டிருந்த குமாஸ்தா பொறுமையாகவே சொன்னார். கையெழுத்துப் போட்டால் நீ அப்பா. குழந்தையை வந்து பார்க்கலாம், பள்ளிக்கூடம் மாற்றினாலும் ஆபரேஷன் என்றாலும் உன்னைக் கேட்பார்கள், உன் சொத்தில் அவளுக்குப் பங்கு உண்டு, அவளை வளர்க்கும் பொறுப்பில் உனக்கும் பாதி உண்டு. போடாவிட்டால், அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ரோட்டுல போறவருக்கு என்ன உரிமையோ அதாம்மா அவருக்கும். பிறகு வேண்டுமென்றால் கோர்ட், வக்கீல், ரத்தப் பரிசோதனை என்று வருடக்கணக்கில் அலைய வேண்டுமாம். எழுந்து வெளியே வந்தபோது நீ பிறந்தபோது பார்த்த அந்த மர பெஞ்சு இன்னும் வாசலில் இருந்தது. அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ வேலைக்காக வெளியூர் கிளம்பும்போது சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஓடிப்போனவனோட பிள்ளைம்மா நான், அப்பாவா இருக்கறது எங்க ரத்தத்துலயே கிடையாது என்றாய். நான் உன் பெட்டியை மூடிப் பூட்டிக் கையில் கொடுத்தேன். கண்ணு, உன் அப்பா ஓடிப்போகவில்லை.

எங்கள் கூடத்தில் பாய்லர் பார்த்தவர் அவர். நீ வயிற்றில் இருக்கிறாய் என்று சொன்ன அன்று, கொஞ்சம் யோசிக்கணும் என்றார், ஒரு வாரம் வேலைக்கே வரவில்லை. எட்டாம் நாள் வந்து, யோசிச்சுட்டேன், எனக்குச் சம்மதம், நான் இருக்கேன் என்றார். என் பிள்ளையை ஏற்றுக்கொள்ள யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு வந்த ரோஷம் இருக்கிறதே, அந்த ஒரு வாரத்தைப் பிடித்துக்கொண்டு என் ஆயுளையே கழித்துவிட்டேன். நீ பிறந்ததும், அந்தக் காலத்து விதிப்படி, பதிவுக்கு இருவரும் சேர்ந்து வந்து அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பாய்லரைக் கழுவ நிறுத்துவது செவ்வாய்க்கிழமை, அவருக்கு அன்றுதான் ஓய்வு. மூன்று செவ்வாய், காலையிலிருந்து அலுவலகம் மூடும் வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துணி ஏற்றிப்போகும் வேன் ஓட்டுநர் அண்ணன் ஒவ்வொரு தடவையும் வந்து, அவன் அங்கேயே இருக்கான், போயேம்மா என்று சொன்னார். நான் போகவில்லை. நான்காவது வாரம், வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, உன்னைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய், அப்பா யாரென்று தெரியாது என்று சொன்னேன். அவர்கள் கோடு போட்டார்கள். உன் பதிவில் இருக்கும் கோட்டை இழுக்கச் சொன்னவள் நான்தான்.

அதோடும் விடவில்லை. நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் பள்ளி வாசலில் உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று வந்து சொன்னாய், நினைவிருக்கிறதா? பைத்தியம், பக்கத்தில் போகாதே என்றேன். அவர்தான். தலைமை ஆசிரியை எனக்கு ஃபோன் செய்து, அப்பான்னு ஒருத்தர் வந்திருக்கார், நம்ம பதிவுல பேர் இல்லையே என்று கேட்டார். எனக்குத் தெரியாது, அனுப்பிடுங்க என்றேன். பெயர் இல்லாதவரை அனுப்புவதற்கு அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். உனக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னை யாருக்கும் பங்கு வைக்க மனசில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் எனக்கே என்று வைத்துக்கொண்டேன், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் மிஞ்சியிருக்கிறது.

அதனால் ரத்தத்தைக் குறை சொல்லாதே. உன் ரத்தத்தில் மூன்று செவ்வாய் காத்திருந்த மனுஷன் இருக்கிறார். அவர் போட வந்த கையெழுத்தை நான் போட விடவில்லை, உன்னை இங்கே ஒருத்தி போடச் சொல்லிக் கூப்பிடுகிறாள். போடு. அந்தப் பெண்ணோடு சேர்ந்து வாழ் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு எந்தப் பள்ளி வாசலிலிருந்தும் உன்னை யாரும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது, அது போதும் எனக்கு.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே இருக்கும் பதிவு அதிகாரி முன்னால், அவர்கள் பார்க்கத்தான் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போகாதே, செல்லாது. இரண்டு பிரதியிலும் போடு. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் படிவம் இங்கே வந்து சேர வேண்டும். உன் கையும் காலும் சுகமாக இருக்கட்டும், உன் மகள் உன்னை அப்பா என்று கூப்பிடுவதை நீ காது குளிரக் கேட்க வேண்டும்.

இந்த ஞாயிறும் ஃபோன் பக்கத்திலேயே இருப்பேன். நீ கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உன் அப்பாவின் விலாசத்தை வேன் ஓட்டுநர் அண்ணனிடம் வாங்கிவிட்டேன், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என்னைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதில்லை.

இப்படிக்கு,
உன்னைத் தனியாக வளர்த்ததாகப் பெருமை பேசிய உன் அம்மா