மிலான் கேட்ட கையெழுத்து

14 யூன், வெள்ளி. வெரிபீ.

பக்கத்து வீட்டு சேர்பியக்காரர் மிலான், தன் குடியுரிமை விண்ணப்பத்துக்கு நற்சான்றுக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். அதில் அவருடைய பழைய தொழில், அலுவலக எழுதுவினைஞர் என்றிருந்தது. உண்மையில் முப்பது வருடம் தன் நாட்டு இராணுவத்துக்குள் ஒற்றர்களைப் பிடித்தவர் அவர். கடைசியில் அந்தப் பிரிவுக்கே தலைவர். வேலிக்கு மேலால் நான் மோதகம் கொடுத்த நாட்களில் அவரே சொன்னது.

“இது பொய்யெல்லோ அங்கிள்?” என்றேன்.

சிரித்தார். “அதெல்லாம் பழங்கதை, பிள்ளை. உன் தம்பி ரவீந்திரன் சுகமா?”

தம்பியை இங்கே எல்லோருக்கும் சுதன் என்றுதான் தெரியும். வேறு பெயரில் வந்து அகதி விசா எடுத்தவன். உண்மைப் பெயரை மிலானிடம் சொன்னவள் நான்தான். அவர் ஒருநாளும் துருவிக் கேட்டதில்லை. தன் கதை ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

கணவரிடம் கடிதத்தைக் காட்டினேன்.

“கிழவன் பாவம். ஒரு கையெழுத்துத்தானே, போட்டுக் குடுமன்.”

தம்பியின் பெயரை நான் மிலானிடம் உளறியது கணவருக்குத் தெரியாது. சொல்லவும் துணிவில்லை.

விளக்கேற்றிய வெள்ளிக்கிழமையில் பொய்க்குக் கையெழுத்து வைக்க முடியாதென்று கடிதத்தைப் பிள்ளையார் படத்தடியில் வைத்தேன். விடிந்தால் சனி. சொன்னபடி எட்டு மணிக்கு மிலான் கடிதத்தை வாங்க வேலியடியில் நிற்பார். வீட்டில் மை வருகிற பேனை, இந்த நாட்குறிப்பை எழுதுகிற இது ஒன்றுதான். எழுதி முடித்ததும் இதையும் கடிதத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.