பத்தை ஒன்றென்று படித்த நிரல்

அன்புள்ள அப்பாவுக்கு, தோஹாவிலிருந்து வஸீலா. முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு சின்னத் தவறு, பயப்படாதீர்கள். ஒன்பதாம் பதிப்புக்கும் பழைய இயங்குதளம் உள்ள கணினிகளை மட்டும் துடைக்க நான் எழுதிய நிரல், பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டுமே பார்த்தது. பத்தை ஒன்றென்று படித்து, ஒன்பதைவிடப் பழையதென்று புதிய கணினிகளைத் துடைத்துவிட்டது. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவுகள் போயின.

நிரலை ஓட்டியவர் நம் ஊர் முந்திர். "நீ வாயத் தொறக்காத, தங்கச்சி. ரெண்டு பேரு வேலையும் எதுக்குப் போகணும்?" என்றார். நானும் திறக்கவில்லை. நேற்று அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

யாராவது வந்தால் நம் வீட்டு ஹரிஸா மிளகாய் விழுது கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இப்போது தனியாகத்தான் சாப்பிடுகிறேன், எதுவும் உறைப்பதில்லை.

வண்டி வந்துவிட்டது. கடைத்தெருவில் முந்திரைப் பார்த்தால் சலாம் சொல்லுங்கள். ஏன் திரும்பினாய் என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்காக உங்களிடமும் பொய் சொல்வார்.

வஸீலா